மரக் கயாக்கின் உள்ளே ஃபிஷ் ஃபைண்டர் சென்சார்: சில பருவங்கள் ஓட்டிய பிறகு

கயாக் நானே கட்டியது. ஒகூமே மரத்தாலான 4 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட், இரண்டு பக்கமும் எபாக்ஸிப் பிசின் தோய்ந்த கண்ணாடியிழைத் துணி. பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள சிம்கோ ஏரியில் ஓடுகிறது. அதில் கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 என்ற ஃபிஷ் ஃபைண்டரை (ஒலி அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) பொருத்திச் சில பருவங்கள் ஆகிவிட்டன. திரை சின்னதுதான், வெயிலிலும் தெரிகிறது, போதும். மரப் படகுக்காரர்கள் கேட்பதெல்லாம், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் சென்சாரை எங்கே வைப்பது என்றுதான்.

பக்கவாட்டில் கம்பி கட்டித் தண்ணீரில் இறக்கலாம். சுலபம்தான், ஆனால் கரையேற்றும்போது இடிபடும், களை சுற்றிக்கொள்ளும். இந்த ஏரியின் குக்ஸ் விரிகுடாவில் துடுப்புப் போட்டவர்களுக்கு அந்தக் களை நன்றாகவே தெரியும். அடியில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் உள்ளேயே வைத்தேன்.

பிளைவுட்டின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடும் ஒலி, காற்றில் மோதினால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆகவே இருக்கைக்கு முன்னால், நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, சென்சார் அளவு வட்டத்தில் பிளைவுட்டை மட்டும் உள்பக்கத்திலிருந்து சுரண்டி எடுத்தேன். வெளிக் கண்ணாடியிழையைத் தொடவில்லை. வெட்டிய மர விளிம்பு முதலில் எபாக்ஸியை நன்றாகக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அப்புறம் துணியும் எபாக்ஸியும் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கிலும் குமிழ்களை உருளையால் ஓரத்துக்குத் தள்ளி, குழியை நிரப்பினேன். அதன்மேல் ஒரு பிவிசி குழாய்த் துண்டு. படகின் அடிச்சாய்வுக்கு ஏற்ப அதன் அடியை அறுத்து ஒட்டினால் சென்சார் நேர் கீழே பார்க்கும்.

சென்சாருக்கும் அடிக்கும் நடுவில் காற்று இல்லாதிருக்கக் குழாயில் திரவம் வேண்டும், ஆனால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஜனவரியில் கராஜுக்குள்ளேயே உறைந்து, விரிந்து, ஒட்டிய இடத்தைப் பிளந்துவிடும். கேரவன் குழாய்களில் ஊற்றும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியிருக்கிறேன். வசந்தத்தில் குறைந்ததை நிரப்புவதோடு சரி, வேறு பராமரிப்பு இல்லை.

ஏரியின் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவின் ஆழத்திலும் தரை திரையை விட்டுப்போவதில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிறும் அதே ஆழத்தைத்தான் சொல்கிறது. 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிக் கூம்பு 15 பாகை, அதாவது 10 மீட்டர் ஆழத்தில் 2.6 மீட்டர் வட்டம். திரையில் மஞ்சள் பெர்ச் மீன் கூட்டம் தெரிந்தால் அது அநேகமாகப் படகுக்கு நேர் அடியில்தான் இருக்கும். ஜிக்கை (எடை கட்டிய தூண்டில்) இறக்கும்போது அது சாய்கோடாக இறங்குவதும், தரையோடு ஒட்டிய மீனின் கோடு ஒன்று பிரிந்து அதை நோக்கி ஏறுவதும் தெளிவாகத் தெரிகின்றன. இதற்காகவே பட்ட பாடு அத்தனையும் தகும்.

ஒரு குறை உண்டு, வெப்பநிலை அளவு. ஏரி நீரை அல்ல, குழாய்க்குள் இருக்கும் திரவத்தைத்தான் சென்சார் அளக்கிறது. மே மாதம் ஏரி டிரவுட் மீன் தேடிப் போகும்போது தனியாக ஒரு தெர்மாமீட்டர் எடுத்துப்போகிறேன். 455, 800 கிலோஹெர்ட்ஸில் தரையைப் படம்போலக் காட்டும் மாடல்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவற்றின் ஒலி உள்ளேயே பெருமளவு தேய்ந்துபோகும், சென்சார் தண்ணீருக்குள்தான் இருக்க வேண்டும்.

சுரண்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, சென்சாரை அதற்குள் போட்டு, படகின் ஈரத் தரையில் அழுத்தி வைத்து ஏரியில் ஓட்டுங்கள். மெல்லிய பிளைவுட் என்றால் அப்படியே ஆழம் வரலாம். ஆழம் மட்டும் போதும் என்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மீனின் கோடும் வேண்டுமென்றால் பிளைவுட்டை எடுத்துவிடுவதே நல்லது.