வக்கீல் ஆபீசுக்கு 'லீட்' பிடித்துத் தருகிறோம் என்று வருகிறார்கள், கவனம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். 5,000 ரூபாய் ஜிபே செய்த ரசீது.

"கட்டி இருவது நாளாச்சும்மா. மூணு மாசத்துல டைவர்ஸ் வாங்கித் தந்துருவோம்னு உங்க ஆபீஸ்லருந்துதான் பேசுனாங்க. இப்ப போன எடுக்கவே மாட்டேங்குறாங்க."

என் ஆபீசில் நானும் குமாஸ்தா அண்ணனும் மட்டும்தான். இருவருமே அவரிடம் பேசியதில்லை. ரசீதில் இருந்த கணக்கு, என்னிடம் 84,000 ரூபாய் வாங்கிய மார்க்கெட்டிங் கம்பெனியின் கணக்கு.

சீனியரிடம் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, மதுரை கே.கே. நகரில் தனியாக ஆபீஸ் போட்டு ஐந்தாவது மாதம் அது. வாடகைக்கே கை கடித்த நேரம். அந்தக் கம்பெனிப் பையன் மிகவும் பணிவாகத்தான் பேசினான். "மேடம், நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். வெப்சைட், கூகுள் லிஸ்டிங் எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம். மாசம் இருவது லீட் கேரண்டி." லீட் என்றால் வக்கீல் தேடும் ஆளின் போன் நம்பர். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதே என்றேன். "எல்லா வக்கீலும் பண்றாங்க மேடம், விதிக்கு உட்பட்டுத்தான் பண்ணுவோம்" என்றான். வெப்சைட் பக்கம் தயாரானதும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் போடுவதாகவும் சொன்னான். அதை எழுத்தில் வாங்காமல் விட்டேன். ஒப்பந்தம் பதினோரு பக்கம். கட்சிக்காரர் கொண்டுவரும் கிரயப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கிற நான், இதைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

லீட் என்று வந்த அழைப்புகளில் பாதிப்பேர், "காலைலருந்து நீங்க நாலாவது வக்கீல்" என்றார்கள். ஒரே நம்பரை நாலு பேருக்கு விற்றிருக்கிறார்கள்.

அந்த அம்மா வந்த அன்றுதான் என் பெயரில் இருந்த பக்கத்தை முழுதாகத் திறந்து பார்த்தேன். "மதுரையின் நம்பர் 1 விவாகரத்து வக்கீல்." அதற்குக் கீழே "100% வெற்றி". கோர்ட் வளாகத்தில் கவுனோடு நான் நிற்கும் படம். 38 ரிவ்யூ, எல்லாமே ஐந்து நட்சத்திரம், எல்லாமே ஒரே வாரத்தில் போட்டவை. அதில் பதினொன்றில் 'வழக்கறிஞ்ஞர்' என்று ஒரே பிழை. நிலத் தகராறை இரண்டே வாய்தாவில் முடித்துக் கொடுத்தேனாம். நான் நிலத் தகராறு வழக்கு எடுப்பதே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திய பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வேலை கேட்கக் கூடாது. போர்டு கூட நிதானமான அளவில்தான் இருக்க வேண்டும். 2008-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு வெப்சைட் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயர், விலாசம், போன், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு பார்க்கிறோம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆன்லைன் தளங்கள் வழியாக விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழிசெய்யுமாறு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்கள் சட்டம் பிரிவு 35-ல் தண்டனை கண்டிப்பில் தொடங்கி, சஸ்பென்ஷன், ரோல் எனும் வக்கீல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பது வரை போகும். மார்க்கெட்டிங் கம்பெனிக்கு ரோல் எது? போனால் போவது நம் என்ரோல்மெண்ட்தான்.

அந்தப் பெண்ணின் கணவர் விவாகரத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. இருவரும் சம்மதித்து இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் போட்டாலே ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அதைத் தளர்த்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருப்பதாக உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதும் சில நிபந்தனைகளோடுதான். எதிர்த்து நடத்தும் வழக்குக்கு மூன்று மாதம் என்று எந்த வக்கீலும் வாக்குக் கொடுக்க முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு 5,000 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். என் படத்தை நம்பித்தானே கட்டியிருக்கிறார் என்று சொல்லி மகள் கையில் வைத்தேன்.

அன்று மாலையே எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன். வெப்சைட் டொமைன், அதாவது அதன் இணைய முகவரி, அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. கூகுள் லிஸ்டிங்கின் உரிமையாளர் அவர்களுடைய மெயில் ஐடி. அதில் இருக்கும் போன் நம்பரும் அவர்களுடையது. மிச்சத் தவணையைக் கட்டினால்தான் தருவார்களாம். ஒப்பந்தத்தின் பத்தாவது பக்கத்தில், பணம் திரும்பத் தரப்படாது, வழக்கு என்றால் டெல்லிப் பக்கம் குருகிராமில்தான் என்று இருக்கிறது.

அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே, தொழில் செய்யும் ஊரிலேயே புகார் போடலாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கிய சேவையை 'வணிக நோக்கம்' என்று தள்ளிவிடக் கூடாது என்று வாதாடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மதுரையிலேயே போட்டுவிட்டேன். அந்த அம்மா தன் ரசீதை வைத்து சைபர் கிரைம் உதவி எண் 1930-க்குத் தனியாகச் சொல்லியிருக்கிறார். பக்கம் என் சம்மதம் இல்லாமல் போடப்பட்டது என்று பார் கவுன்சிலுக்கும் நானே முந்திக்கொண்டு எழுதிவிட்டேன். யாராவது ஸ்கிரீன்ஷாட்டோடு போவதற்கு முன்னால் என் கடிதம் அங்கே இருக்க வேண்டும்.

புதிதாக ஆபீஸ் போடும் தம்பி தங்கைகளுக்கு: வெப்சைட் வேண்டுமென்றால் டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். கூகுள் லிஸ்டிங்கில் உரிமையாளராக நீங்கள் இருந்துகொண்டு, வேலை செய்பவருக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். உங்கள் போன் நம்பரைத் தவிர வேறு நம்பர் எங்கேயும் வரக் கூடாது. கட்சிக்காரரிடம் அவர்கள் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 'லீட் கேரண்டி' என்ற சொல் வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கோர்ட் வாசலில் வேறு பெயர் உண்டு, அது நம் எல்லோருக்கும் தெரியும்.

இதை எழுதும்வரை அந்தப் பக்கம் இன்னும் எடுக்கப்படவில்லை. என் படத்தோடு 'நம்பர் 1' என்று யார் கண்ணிலாவது பட்டால், அதிலிருக்கும் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் ஆபீசுக்கு வாருங்கள்.