‘குவோ வாடிஸ்’ நாவலில் எனக்குப் பிடித்த பெண் ஆக்தே

22 ஆண்டுகளாக மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தலை பின்ன உட்கார்ந்தால், முகூர்த்தத்துக்குள் பெண்ணை எழுப்பி அனுப்ப வேண்டும். அதனால்தானோ என்னவோ, போலந்து எழுத்தாளர் ஹென்ரிக் சென்கிவிச்சின் ‘குவோ வாடிஸ்’ நாவலில் எல்லோரும் வியந்து பேசும் காட்டெருதுச் சண்டையைவிட ஓர் அலங்காரக் காட்சிதான் என் மனத்தில் தங்கிவிட்டது.

1896-இல் புத்தகமாக வந்த நாவல். நீரோ ஆண்ட ரோம், கி.பி. 64-இல் நகரம் எரிந்த காலம். லிஜியா ஓர் அரசனின் மகள், ரோமிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டவள். தளபதி அவுலுஸின் வீட்டில், அவர் மனைவி பொம்போனியாவின் கையில் மகளாகவே வளர்ந்தவள். வினிசியுஸ் என்ற இளம் படைவீரன் அவள்மேல் ஆசைப்பட, அவளை அரண்மனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவளை அணைத்துக்கொள்பவள் ஆக்தே.

ஆக்தே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். ஒரு காலத்தில் நீரோ அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். இப்போது அரண்மனையில் அவளுக்கென்று ஓர் இடம் மட்டும் மிச்சம். அரசி போப்பேயாகூட அவளை ஒரு போட்டியாக எண்ணவில்லை. இத்தனைக்கும் பிறகும் அவள் நீரோவை வெறுக்கவில்லை.

நீரோவின் விருந்துக்கு லிஜியாவைத் தயார் செய்வது இவள் பொறுப்பு. கட்டுப்பாடான வீட்டில் வளர்ந்த பெண் கூச்சத்தில் ஒடுங்குகிறாள். ஆக்தே அவசரப்படுத்துவதில்லை. அந்தக் கருங்கூந்தல் வளையும் இடங்களில் தானாகவே பொன்னாய் மின்னுவதைப் பார்த்து, பொன்துகளை அள்ளிப் பூசாமல் அங்கங்கே கொஞ்சம் தூவி நிறுத்திவிடுகிறாள். எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்த கை அது. இந்தத் தொழிலில் அந்த அறிவு வர எனக்குப் பல வருடங்கள் ஆயின.

விருப்பமில்லாத கல்யாணத்துக்கு ஒருமுறை ஒரு பெண்ணை அலங்கரித்தேன். சடை பின்னி முடியும்வரை கழுத்தைத் திருப்பாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மை இட்ட கண் இரண்டு முறை கரைந்தது, இரண்டு முறையும் துடைத்து மறுபடி இட்டேன். அதற்குமேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இந்த அத்தியாயத்தைப் படித்தபோது அந்தப் பிடரிதான் நினைவுக்கு வந்தது.

ஆக்தேயாலும் லிஜியாவைக் காப்பாற்ற முடியாது. விருந்துக்கு வர மறுத்தால் அவுலுஸின் குடும்பமே அழியும் என்று அவளே எச்சரிக்கிறாள். ஆனாலும் விருந்தில் அருகிலேயே இருக்கிறாள், தப்பிக்கும் திட்டம் தெரிந்த பிறகும் வாயைத் திறப்பதில்லை. கையில் அதிகாரமே இல்லாத ஒருத்தியின் அன்பு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைச் சென்கிவிச் பொய்யில்லாமல் எழுதியிருக்கிறார்.

லிஜியாவும் நல்ல பெண்தான். தன்னைத் தூக்கிப்போக வந்த வினிசியுஸ் அடிபட்டுக் கிடக்கும்போது, அவனைக் கொல்லாமல் தடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். ஆனால் அவளிடம் ஒரு குறைகூட வைக்காததால் சில இடங்களில் அவள் ஓவியம்போல நின்றுவிடுகிறாள். வினிசியுஸின் மாமா பெட்ரோனியுஸின் நீண்ட பேச்சுகளும் எனக்குச் சற்று அலுத்தன. நான் படித்தது ஜெரமையா கர்டினின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, நடை கரடுமுரடானது. முதல் ஐம்பது பக்கம் பொறுத்துப் படியுங்கள், பிறகு கதை இழுத்துக்கொண்டு போகும்.

ஆக்தே கற்பனைப் பெண் அல்ல. நீரோ அவள்மேல் கொண்ட காதலையும், அவன் தாய் அக்ரிப்பினா அதற்காகக் கொதித்ததையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 68-இல் நீரோ தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இறுதிச் சடங்குக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) செலவானது என்றும், பொன்வேலை செய்த வெள்ளைத் துணிகளில் அவனைக் கிடத்தி எரித்தார்கள் என்றும் இன்னொரு ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியுஸ் குறித்திருக்கிறார். சாம்பலைக் குடும்பக் கல்லறையில் சேர்த்தவர்கள் மூன்று பெண்கள்: அவனை வளர்த்த செவிலித்தாய்கள் இருவர், ஆக்தே.

நாவல் இதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறது. எனக்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டியிருந்தது. லிஜியாவின் தலையில் பொன்துகளைத் தூவிய அதே கை அந்தத் துணியை எப்படி மடித்துவிட்டது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.