உப்புக்கண்டம்: பாட்டிலிலா, ஃப்ரீசரிலா?

ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, நாலைந்து நாள் வெயிலில் சுக்காகக் காயவைத்தாயிற்று. அப்புறம் எங்கே வைப்பது?

அந்தக் காலத்தில் மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார்கள். இன்று அந்த இடத்தில் கண்ணாடி பாட்டில். கரண்ட் போனாலும் கவலையில்லை, நினைத்தபோது நாலு துண்டு எடுத்து வறுக்கலாம். ஆனால் கறி ஒடித்தால் முறிய வேண்டும்; வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பே காற்றின் ஈரத்தை இழுக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். அதனால் அவ்வப்போது வெயில் காட்டியே ஆக வேண்டும். (மொட்டை மாடியில் காக்காவுக்குக் காவல் இருப்பது தனி வேலை.) கொழுப்பு ஒட்டிய துண்டுகள் எப்படிக் காய்ந்தாலும் நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும். உப்பு அதைத் தடுக்காது.

ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சை வளராது, காறலும் மெதுவாகத்தான் வரும். கிருமிகள் எல்லாம் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், பல தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வையுங்கள். எடுத்தவுடனே பிரித்தால் குளிர்ந்த கறிமேல் நீர் பூக்கும். கொஞ்சம் பொறுத்துப் பிரிக்கலாம்.

என் கணக்கு இதுதான்: சில வாரத்தில் தீரும் அளவு பாட்டிலில், மீதியும் கொழுப்புத் துண்டுகளும் ஃப்ரீசரில். பூஞ்சை கண்டால் சுரண்டிவிட்டுச் சமைக்க வேண்டாம், அந்தப் பாட்டிலில் உள்ளது மொத்தமும் குப்பைக்கு.