டேப்போடு உரிந்து வந்த பெயின்ட்: பல்லடத்தில் ஆறு வருட அனுபவம்

2019 ஆடி மாதம். நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு அளவுள்ள (1/48) மிக்-21 போர் விமான பிளாஸ்டிக் மாடல் ஒன்றை மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தேன். விமானியின் கண் கூசாமல் இருக்க மூக்கின் மேல் அடிக்கும் கருப்புப் பட்டைக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயின்ட் அடித்து, டேப்பை இழுத்தேன். கருப்போடு அடியில் இருந்த சாம்பல் நிறமும் ப்ரைமர் என்ற அடிப்பூச்சும் சேர்ந்து பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்துவிட்டன. கீழே வெறும் பிளாஸ்டிக். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்போது நான் அடித்திருந்தது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ப்ரைமர். வாசம் இல்லை, வீட்டுக்குள் அடிக்கலாம் என்று வாங்கியது. அந்த வகை பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தோலாகப் படிந்து நிற்கும், உள்ளே கடிக்காது. லாக்கர் (lacquer) என்ற பெயின்ட் வகையில் இருக்கும் கரைப்பான், மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மேற்பரப்பைத் துளி இளக்கிவிட்டு ஆவியாகும், அதனால் பிடிப்பு வேறு தரம். 2020-இல் மிஸ்டர் சர்ஃபேசர் 1500 என்ற லாக்கர் ப்ரைமருக்கு மாறினேன். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை ஒன்றுக்கு இரண்டு பங்கு கலந்து, 0.3 மி.மீ. முனை உள்ள ஏர்பிரஷில் (பெயின்ட்டைக் காற்றோடு தெளிக்கும் கருவி) 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடிக்கிறேன். இன்றுவரை அதுதான். சீக்கிரமே உலர்ந்துவிடும் என்றாலும் டேப் ஒட்ட ஒரு நாள் முழுக்கப் பொறுப்பேன். வாசம் கடுமை. கார்பன் வடிகட்டி உள்ள முகமூடி போட்டு மொட்டை மாடியில்தான் அடிக்க வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்து கட்டிய ஹன்டர் போர் விமான மாடலில், இறக்கை உடலோடு சேரும் இடத்தின் ஓரமாக மறுபடியும் காசு அளவுக்கு உரிந்தது. அதே ப்ரைமர், அதே டேப். தெருமுனையில் கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெயின்ட்டக் கொற சொல்லாதீங்க தம்பி. இத எந்தத் தண்ணில கழுவுனீங்க?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புத்தான் கழுவிக் காயவைத்த இறக்கையிலும் சொட்டுச் சொட்டாக உலர்ந்து உட்கார்ந்திருக்கிறது. உப்பின் மேல் அடித்த பெயின்ட் எதைப் பிடிக்கும்? அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழலத் தடவும் எண்ணெய்ப் பசை போகத்தான் கழுவுகிறோம், ஆனால் கழுவுவதே இன்னொரு அழுக்கை வைத்துவிட்டது. அன்றிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்த பிறகு, கடைசி அலசல் மட்டும் சிறுவாணித் தண்ணீரில். கோயமுத்தூர் மச்சான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கேன் பிடித்து வருகிறேன். சோப்புக் கட்டி வேண்டாம், விமானத் தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பேனல் கோடுகளில் வெள்ளையாகத் தங்கும்.

ஒட்டி முடித்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, அதன்பின் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. விரலிலும் எண்ணெய்ப் பசை உண்டுதானே. கார் பட்டறையில் கிடக்கும் என்.சி. தின்னரைத் (பெயின்ட் கரைக்கும் கடும் திரவம்) துணியில் நனைத்துத் துடைக்க மட்டும் யாரும் துணியாதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும்.

எங்கள் ஊரின் இன்னொரு சங்கடம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். சித்திரை வெயிலிலோ பெயின்ட் பரப்பைத் தொடுவதற்குள் நடுவழியிலேயே காய்ந்து, மாவு தூவியது போல் விழும். அந்தச் சொரசொரப்பில் பிடிப்பே இருக்காது. காலை 5 மணிக்கு, காற்று அடங்கியிருக்கும்போது, கிட்டத்தில் பிடித்து மெல்லிய பூச்சுகளாக அடிப்பேன். ஐப்பசி மழையில் லாக்கரைத் தொடுவதே இல்லை. ஈரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

ஏற்கெனவே உரிந்த இடத்தைச் சரிசெய்ய, ஓரத்தை 1000, பிறகு 2000 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, விரலில் படி தட்டாத அளவுக்குச் சரிவாக்க வேண்டும். மேலே அப்படியே பூசினால் மேடு தெரியும். முழுக்கவே பிடிப்பில்லை என்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எடுப்பதுதான் மேல். அந்த மிக்-21-இன் கண்ணாடி மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஐசோபுரொப்பைலில் ஊறவைத்துத் தேய்த்தேன். அக்ரிலிக் என்பதால் சதை சதையாக வந்துவிட்டது.

இப்போதும் ஒவ்வொரு கிட்டிலும் மிஞ்சும் எரிபொருள் தொட்டி ஒன்றுக்கு முதலில் அடித்து, மறுநாள் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் விமானத்தைத் தொடுவேன். டேப்பையும் முதலில் புறங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்கிறேன். இழுக்கும்போது மேலே தூக்காமல், அதன் முதுகின் மேலேயே மடக்கி மெதுவாக.

மறுபடி பூசிய அந்த மிக்-21 இப்போது கூடத்து அலமாரியில் இருக்கிறது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானத்தின் சத்தம் கேட்டால் மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறான். போன வாரம் கருப்புப் பட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அசையவில்லை.