நிலவுக்குப் போன வெள்ளியா, நிலவை நினைக்கும் வெள்ளியா?

நிலவுப் பயணத்தோடு தொடர்புடைய ஒரு வெள்ளிக் காசையும் ஒரு வெள்ளிப் பதக்கத்தையும் பல நாள் மேசையில் வைத்துப் பார்த்த பிறகு, சிறியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதை வைத்துக்கொண்டேன்.

சிறியது, அப்பல்லோ 14 காசு. 1971 தொடக்கத்தில் நடந்த அந்த நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர்கள் ஷெப்பர்ட், ரூசா, மிட்செல் மூவரும் பிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை தயாரித்த வெள்ளிப் பதக்கங்களை விண்கலத்தில் எடுத்துச் சென்றார்கள். திரும்பி வந்தவற்றில் ஒரு பகுதியை உருக்கி, ஏராளமான வேறு வெள்ளியோடு கலந்து, அந்நிறுவனம் தன் சேகரிப்பாளர் சங்க உறுப்பினர்களுக்காக இந்தக் காசை அச்சடித்தது. பெரியது, 1969 நிலவிறக்கத்தின் நினைவாக ஒரு தனியார் நாணயச்சாலை அச்சடித்த ஸ்டெர்லிங் வெள்ளிப் பதக்கம். அது பூமியை விட்டு நகரவே இல்லை.

அழகில் பெரியது முந்துகிறது, கதையில் சிறியது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: நாளை இதை வாங்க வருகிறவர் எதைச் சோதித்துப் பார்க்க முடியும்?

பெரிய பதக்கத்தில் எல்லாவற்றையும் சோதிக்கலாம். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஸ்டெர்லிங் என்ற பொடி எழுத்து தெரிகிறது, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. அதையும் நம்ப வேண்டாம். தராசில் எடை போட்டு, பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பதக்கத்தை நூலில் கட்டி அடியில் தட்டாமல் அமிழ்த்தினேன். முதல் எடையை, அமிழ்த்தியதும் தராசு கூடுதலாகக் காட்டும் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஸ்டெர்லிங்குக்கு அது ஏறக்குறைய 10.3 இருக்க வேண்டும், இருந்தது. வெறும் முலாம் பூசிய பித்தளையென்றால் 9-ஐக்கூடத் தொடாது.

சிறிய காசிலும் வெள்ளியைச் சோதிக்கலாம், பயணத்தைச் சோதிக்க முடியாது. உருக்கிக் கலந்த பிறகு எந்தத் துகள் நிலவுவரை போனது என்று எந்தக் கருவியும் சொல்லாது. ராபின்ஸ் பதக்கங்களோடு ஒப்பிட்டால் இது புரியும். அப்பல்லோ 7 பயணத்திலிருந்து விண்வெளி வீரர்களுக்காகவே தயாரான அவற்றில் வரிசை எண் இருக்கிறது. வீரரின் கையெழுத்துக் கடிதமும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட பதக்கத்தின் பயணத்தையே பின்தொடரலாம். அவை என் கைக்கு எட்டாதவை என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

பராமரிப்பில் பெரியதுதான் தொல்லை. கண்ணாடிபோல் மினுங்கும் பரப்பில் ஒரு விரல்ரேகை பட்டாலும் நிலைத்துவிடும். கறுத்தால் தேய்க்கக் கூடாது. மென்மையான துணிகூட மெல்லிய கோடுகள் போட்டுவிடும். விளிம்பைப் பிடித்து எடுக்கிறேன், பிவிசி பிளாஸ்டிக் உறையைத் தவிர்க்கிறேன். அவ்வளவுதான்.

மறுவிற்பனையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வாங்குபவனாக இருந்து கற்றது. இதுவரை ஒன்றையும் விற்றதில்லை. அப்பல்லோ 14 மீதே தனிப் பிரியம் உள்ளவர் சிறியதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் வழங்கியபோது கூட வந்த தாள்களோடு வாங்குங்கள். அந்தக் காசின் பயணத்துக்கு அவைதான் சாட்சி.