சிபி ரேடியோவில் வீட்டு இரைச்சல்: பிரேக்கரா, டிரான்சிஸ்டரா, எஸ்.டி.ஆரா?

மாலை ஆறரை மணி ஆனால் போதும், என் சிபி ரேடியோவுக்குக் காது அடைத்துவிடும். சிபி என்பது சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ. நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், ஹாரிஸ்பர்க் பக்கம். ஐ-81 நெடுஞ்சாலை வீட்டிலிருந்து மூன்று மைல்தான். பகலில் 19-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும்: எங்கே விபத்து, எந்த இடத்தில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன என்று. இருட்டத் தொடங்கியதும், வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரின் முள் 7-க்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். இரைச்சலுக்கு அடியில் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது.

எனக்கு இந்த ரேடியோவை அறிமுகப்படுத்தியவர் எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அவர் வீட்டில் அதே நேரத்தில் அதே சேனல் அமைதியாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு என் வீட்டுக்குள்தான். அதைத் தேட மூன்று வழிகளை முயன்றேன்: பிரேக்கரை அணைத்துப் பார்ப்பது, டிரான்சிஸ்டர் ரேடியோவோடு வீட்டைச் சுற்றுவது, கம்ப்யூட்டரில் சொருகினால் ரேடியோ அலைகளைத் திரையில் காட்டும் எஸ்.டி.ஆர். டாங்கிள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு 12 வோல்ட் பேட்டரியும் வீட்டு பிரேக்கர் பெட்டியும் செய்த வேலையை மற்ற இரண்டும் செய்யவில்லை. ஆனால் கடைசிப் பத்து அடியைக் கடக்க இன்னொன்றும் தேவைப்பட்டது.

அமெரிக்க சிபியின் 40 சேனல்களும் 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் இருக்கின்றன. பெரும்பாலும் ஏ.எம். முறை, அனுமதிக்கப்பட்ட சக்தி 4 வாட். ஏ.எம். ரேடியோ, அலையின் உயரம் ஏறி இறங்குவதைத்தான் ஒலியாக மாற்றுகிறது. மின்சாதனங்களின் இரைச்சலும் அதே மாதிரி ஏறி இறங்குவதுதான், அதனால் நேராக உள்ளே வந்துவிடுகிறது. இன்னொன்று, 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால்பங்கு 2.75 மீட்டர். மேஜை விளக்கின் வயரும் சுவருக்குள் கொஞ்ச தூரம் ஓடும் வயரும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த நீளம் வந்துவிடும். அதாவது வீட்டு வயரிங்கே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. இன்றைய அடாப்டர்கள் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது என்பதால் அதன் எதிரொலி 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. நல்ல அடாப்டரில் அதை வடிகட்ட உள்ளே ஒரு சுருளும் சில கெபாசிட்டர்களும் இருக்கும். மலிவான அடாப்டரில் காசை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்த வழியில் தேடினாலும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரேடியோவின் பின்னால் இருக்கும் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய நிலையில் மைக்கை அழுத்தவே கூடாது, ரேடியோ கெட்டுவிடும். இரைச்சல் அப்படியே இருந்தால் அது பவர் சப்ளை வழியாக வருகிறது. விழுந்துவிட்டால் ஆன்டெனா வழியாக. எனக்கு விழுந்துவிட்டது.

பேட்டரியும் பிரேக்கரும்

ரேடியோவை வீட்டுக் கரண்டிலிருந்து பிரித்து 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட வேண்டும். அலாரம் பெட்டிகளில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரியே போதும், கேட்பதற்கு மட்டும் என்றால் சில மணி நேரம் தாங்கும். அப்புறம் மெயின் பிரேக்கரை அணையுங்கள். அதற்கு முன் கம்ப்யூட்டர்களை முறையாக மூடிவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது மருத்துவக் கருவி ஓடுகிறது என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். பெட்டியின் வெளிக்கதவை மட்டும் திறந்தால் போதும், உள்மூடியைக் கழற்றக் கூடாது.

நான் அணைத்ததும் முள் 7-லிருந்து 1-க்கு இறங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு இருட்டிய நேரத்தில் 19-ஆம் சேனல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அந்த நிமிடம் ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். ஹால் பிரேக்கரைப் போட்டதும் முள் 6-க்குத் தாவியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி வேலையில் நின்றிருப்பேன். ஹாலை மறுபடி அணைத்துவிட்டு மீதியைத் தொடர்ந்தேன். மாடி அறையைப் போட்டதும் 4. ஆக, குற்றவாளிகள் இரண்டு பேர். பெரிய சத்தம் இருக்கும்போது சின்ன சத்தம் அதற்குள் மறைந்துவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்துவிட்டு “பெரிதாக ஒன்றும் குறையவில்லையே” என்று பலர் கைவிடுவது இதனால்தான். சந்தேகப்பட்ட பொருளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகிப் பார்ப்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து அமைதியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. நெட் போய்விடும், அடுப்புக் கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டும், வீட்டாரின் பொறுமை வேண்டும். யு.பி.எஸ்., பேட்டரியில் ஓடும் லேப்டாப் இதெல்லாம் மெயினை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றையும் நிறுத்தாவிட்டால் “இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது” என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். மூன்றாவது, எந்த மின்சுற்று என்று தெரியுமே தவிர எந்தப் பொருள் என்று தெரியாது. எங்கள் ஹாலில் மட்டும் பதினோரு பொருள்கள் சொருகியிருந்தன.

ஒரு சின்ன எச்சரிக்கை: சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் பகலில் 27 மெகாஹெர்ட்ஸ் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் குரல்கள் வந்து விழும். அதனாலும் முள் ஏறும். சோதனையை இரவில் செய்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இருக்காது.

டிரான்சிஸ்டரோடு வீட்டைச் சுற்றுவது

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், நானும் முதலில் செய்தது இதுதான். சின்ன ஏ.எம். ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடக்க வேண்டும். செலவே இல்லை. சமையலறை எல்.இ.டி. பல்புகள் பக்கம் போனதும் ரேடியோ அலறியது. நான்கு பல்புகளையும் மாற்றினேன். சிபியில் ஒரு துளி வித்தியாசம் இல்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. பாக்கெட் ரேடியோ கேட்பது 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை. என் பிரச்சினை 27,000 கிலோஹெர்ட்ஸில். 1 மெகாஹெர்ட்ஸில் கத்தும் பொருள் 27-இல் ஊமையாக இருக்கலாம். ஒரு அடி தூரத்தில் வைத்தால் வீட்டில் பாதிப் பொருள்கள் ஏ.எம். ரேடியோவில் சத்தம் போடத்தான் செய்யும். போதாததற்கு இரைச்சல் வயரோடு ஓடுவதால், சுவர் நெடுகச் சத்தம் கேட்கும். எது தொடக்கம் என்று தெரியாது.

அதே நடையைக் கையடக்க சிபியை வைத்துக்கொண்டு நடந்தால் கதையே வேறு. பாதிக்கப்பட்ட அதே சேனலில் கேட்க வேண்டும், அதுதான் விஷயம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு விரல் நீளக் கம்பித் துண்டை மட்டும் வைத்தால் பக்கத்தில் இருப்பது மட்டும் கேட்கும். இங்கேயும் மைக்கை அழுத்தாதீர்கள். 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் சிற்றலை ரேடியோ இருந்தாலும் சரி. சுற்றைக் கண்டுபிடித்த பிறகு பொருளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஹாலில் இரண்டே நிமிடத்தில் சாமி அலமாரிக்கு முன்னால் நின்றேன். அங்கே தொங்கவிட்டிருந்த சீரியல் செட்டின் அடாப்டர்தான் காரணம். டைமர் அதை ஆறரைக்குப் போடுகிறது. மாடியில் கம்பியில்லாத வாக்குவம் கிளீனரின் சார்ஜர். கிளீனர் அதில் மாட்டியே இல்லை, சார்ஜர் மட்டும் சும்மா சொருகி இருந்தது.

நம் ஊர் வீடுகளில் பிளக் பாயின்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். இங்கே பெரும்பாலும் கிடையாது. சொருகியிருக்கும் வரை அடாப்டர் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பொருளை அணைத்துவிட்டோம் என்று அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள், பிடுங்கிப் பாருங்கள்.

எஸ்.டி.ஆர். டாங்கிள்

பென் டிரைவ் அளவில் இருக்கும் இது டி.வி. பார்க்கச் செய்யப்பட்ட பொருள். உள்ளே இருக்கும் ஆர்.டி.எல்.2832யு சிப்பைப் பொது ரேடியோவாக மாற்ற முடியும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுகொண்டார்கள். பரவலாகக் கிடைக்கும் மாடல்களில் ட்யூனர் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவதால் சிபிக்கு வேறு இணைப்பு எதுவும் தேவையில்லை. 40 சேனலும் சேர்ந்தே 440 கிலோஹெர்ட்ஸ்தான். டாங்கிள் ஒரே நேரத்தில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் காட்டும்.

அடாப்டர் இரைச்சல் திரையில் சீப்புப் பற்கள் மாதிரி, சம இடைவெளியில் மங்கலான கோடுகளாக நிற்கும். அடாப்டர் சூடாகச் சூடாக அந்தக் கோடுகள் மெல்ல நகரும். டிம்மர், தளர்ந்த இணைப்பு இவற்றின் சத்தம் நொடிக்கு 120 முறை துடிக்கும் பட்டையாகத் திரை முழுக்கப் பரவும். என் திரையில் இரண்டு வேறு இடைவெளிகளில் இரண்டு சீப்புகள் தெரிந்தன. முதல் நாளே இதை வாங்கியிருந்தால் குற்றவாளிகள் இரண்டு என்று அன்றே தெரிந்திருக்கும்.

இது என்ன, எத்தனை என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதோடு லேப்டாப்பின் சார்ஜரும் யு.எஸ்.பி. வயருமே இரைச்சல் போடும். பேட்டரியில் ஓட்டி, டாங்கிளை லேப்டாப்பிலிருந்து தள்ளி வைத்தால்தான் நம்பலாம். பிரேக்கர் பெட்டியைத் தொட முடியாத வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், எப்போதாவது வந்து போகும் இரைச்சலை நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டியவர்களுக்கும் இதை வாங்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு அவசரம் இல்லை.

அடக்குவது எப்படி

ரேடியோவிலேயே இருக்கும் என்.பி., ஏ.என்.எல். என்ற இரைச்சல் குறைக்கும் பொத்தான்களைத்தான் கை முதலில் தேடும். என்.பி. என்பது வண்டி இக்னிஷன் மாதிரி சுருக்கமான துடிப்புகளுக்கானது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் அமைதி இருந்தால்தான் அது வேலை செய்யும். அடாப்டரின் விடாத இரைச்சலில் அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பலம் குறைந்த ஒலியை அடைத்துவிடும் ஸ்கெல்ச்சை ஏற்றினால் இரைச்சலோடு சேர்ந்து தூரத்துக் குரல்களும் போய்விடும். 2021-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., சிபியில் எஃப்.எம்.-ஐயும் அனுமதித்தது. எஃப்.எம். இந்த வகை இரைச்சலை நன்றாகவே அமுக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசுவது ஏ.எம்.-இல்.

ஆக, மிஞ்சுவது இரண்டு: அடாப்டரை மாற்றுவது, அல்லது வயரில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருளை வயரில் போடுவது. சீரியல் செட்டுக்கு மாற்றிவிட்டேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த, கையில் கனமாக இருக்கும் பழைய ரெகுலேட்டட் அடாப்டர் ஒன்று இருந்தது. அதே வோல்ட், அதே முனை, குறையாத ஆம்பியர் என்று பார்த்துப் போட்டேன். இரைச்சல் அடியோடு போனது. பொருள் மலிவானதாக இருந்தால் இதுதான் சரி.

வாக்குவம் சார்ஜருக்கு வேறு அடாப்டர் கிடைக்கவில்லை. அங்கே ஃபெரைட் வளையம். இதில் பெரும்பாலோர் ஏமாறுவது கிளிப் மாதிரி மாட்டும் சின்ன உருளைகளில். வயர் ஒரு முறை உள்ளே போய் வந்தால் அது ஒரு சுற்றுதான், 27 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை மிகக் குறைவு. தடை, சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்: இரண்டு சுற்று போட்டால் நான்கு மடங்கு, மூன்று என்றால் ஒன்பது. ஒரு எல்லைக்கு மேல் இந்தக் கணக்கு நடக்காது. 2.4 அங்குல வளையத்தில் ஐந்தாறு சுற்று என்பது சிபிக்கு நல்ல அளவு. கலவை முக்கியம். 31 என்ற கலவை இந்த அலைவரிசைக்குப் பொருத்தமானது, 43-ம் பரவாயில்லை, 61 இதைவிட மிக உயர்ந்த அலைவரிசைகளுக்கானது. கலவை எண் குறிப்பிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள், பார்த்து அடையாளம் காண முடியாது. வளையம் சார்ஜரை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால் இடையில் இருக்கும் வயர் ஆன்டெனாவாகிவிடும். எனக்கு முள் 4-லிருந்து 2-க்கு இறங்கியது, ஆன்டெனா கேபிளிலும் ஒரு வளையத்தைச் சுற்றிய பிறகு இன்னும் கொஞ்சம்.

ஆன்டெனாவை வீட்டிலிருந்து தள்ளி வைப்பதும் ஒரு வழி. இரைச்சல் பக்கத்து வீட்டுடையது, அவர்களிடம் கேட்க முடியாது என்ற நிலையில் அதைச் செய்யலாம். உள்வீட்டுக் கோளாறுக்கு அது கடைசி வழி.

மெயினை அணைத்தும் முள் இறங்கவில்லை என்றால் மேலே சொன்ன எதற்கும் செலவழிக்க வேண்டாம். காரில் இருக்கும் சிபியை ஏ.எம்.-இல் வைத்துக்கொண்டு தெருக்களை மெதுவாகச் சுற்றுங்கள். வறண்ட, காற்றடிக்கும் நாளில் ஏறி, மழை பெய்தால் குறைகிறது என்றால் பெரும்பாலும் மின்கம்பத்தில் எங்கோ தளர்ந்த இணைப்பில் பொறி தெறிக்கிறது. சத்தம் உச்சத்துக்குப் போகும் கம்பத்தைத் தொடவோ தட்டவோ வேண்டாம். அதில் அடித்திருக்கும் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு மின் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். கம்ப எண்ணைச் சொன்னால் எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.