வாத்துக்குஞ்சுகளின் இரவுக் கூச்சல்: குண்டு பல்பா, செராமிக் பல்பா, வெந்நீர்ப் புட்டியா?

முத்தியால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாத்துக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குத் தீனியைவிடப் பெரிய கவலை, நள்ளிரவில் அவை போடும் கூச்சல்தான். தூக்கத்தினூடே கேட்கும் மெல்லிய முணுமுணுப்பு இயல்பானது. விடாமல் உரத்து ஒலிக்கும் கீச்சுக்குரலுக்கோ பெரும்பாலும் குளிர், தனிமை, தாகம், திடீர் இருட்டு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஆகவே பெட்டியை எந்த அறைக்கு மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்பு, அதற்குள் வெப்பம் எதிலிருந்து வருகிறது என்று பார்ப்பதே முறை.

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் கடற்கரையில் மே மாத இரவு 27 டிகிரியை ஒட்டியே இருப்பதால் பற்றாக்குறை சிறிதுதான். மார்கழி, தை மாதங்களில் அது 21, 22 டிகிரிக்கு இறங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

பலரும் முதலில் நாடுவது 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு. விலை மலிவு, எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். ஆனால் விடிய விடிய வெளிச்சம் இருந்தால் குஞ்சுகள் உறங்குவதில்லை. தின்பதும், தண்ணீரை அளைவதும், ஒன்றையொன்று மிதித்துக் கத்துவதுமாக இரவைக் கழிக்கின்றன. அலகால் தெறிக்கும் நீர் சூடான கண்ணாடியில் பட்டால் பல்பு வெடிக்கவும் கூடும். மின்சாரம் போனால் வெளிச்சமும் வெப்பமும் ஒரே நொடியில் மறைய, தெருவே விழித்துக்கொள்ளும்.

செராமிக் பல்பு வெளிச்சமின்றி வெப்பத்தை மட்டும் தருவதால் குஞ்சுகள் அமைதியாக உறங்குகின்றன. எட்ட ஒரு சீரோ வாட் பல்பு எரிந்தால் இருட்டின் மிரட்சியும் இராது. விலை கூடுதல், மேலும் பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். இரவுத் தூக்கம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் இதற்கே என் வாக்கு.

துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பழைய வைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சில மணி நேரத்தில் ஆறிவிடும், எழுந்து மாற்ற வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் கடலூர் மாவட்டம் பல நாட்கள் மின்சாரமின்றிக் கிடந்ததை அறிந்தவர்கள், ஐப்பசி பிறந்ததும் இதையும் தயாராக வைத்துக்கொள்வார்கள். கோடையிலோ, இரண்டு மூன்று குஞ்சுகள் ஒண்டிக்கொள்ளும் பெட்டிக்கு இந்தப் புட்டியே பெரும்பாலும் போதுமானது.

ஒற்றைக் குஞ்சு என்றால் மேற்சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. கண்ணாடியும் பொம்மையும் சிறிது நேரம் ஏமாற்றும், அவ்வளவே. இன்னொரு குஞ்சு வாங்குவதுதான் வழி.

படுக்கைக்குச் செய்தித்தாள் உதவாது. வழுக்கி, கால்கள் அகன்று முடமாகும். கோணிச் சாக்கு நல்லது. ஆனால் நனைந்த சாக்கில் படுத்த குஞ்சு, பல்பு எரிந்தாலும் குளிரில் கத்தும். எனவே தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பிவலை போட்ட தட்டின்மேல், வெப்பத்திலிருந்து விலகிய மூலையில் வைக்க வேண்டும். இரவில் தண்ணீரை எடுத்துவிடுபவர்கள் தீனியையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும்; நீரின்றி உலர்தீனி தின்றால் தொண்டை அடைக்கும்.

இந்த ஏற்பாடெல்லாம் ஆறேழு வாரங்களுக்குத்தான். இறகு முளைத்தபின் நாட்டு வாத்தின் பெட்டைக்குக் குரல் உடைந்து உரத்த கத்தல் வந்துவிடும். அதன்பின் வீட்டுக்குள் வைத்திருக்க இயலாது. கொல்லைப்புறமும் இல்லாதவர்கள் தொடக்கத்திலேயே மணிலா வாத்துக் குஞ்சாகப் பார்த்து வாங்கலாம். வளர்ந்த பின்னும் அதற்குச் சத்தம் குறைவு.